சட்னி இன்னும் வரல, ஓவர்

மணப்பெண்ணின் தலையில் அவளுடைய அம்மா பூ வைத்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடி பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மணமகள் அறையின் ஜன்னலில் விடிந்தும் விடியாத வெளிச்சம். நான் கேமராவை மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுபோனேன். அம்மா ஹேர்பின்னைப் பல்லில் கடித்திருக்கிறார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இதோ விழப்போகிறது.

அப்போது என் காதில் இருந்த இயர்போனில் ஓர் ஆண் குரல் கேட்டது.

“ரெண்டாவது வரிசைக்குச் சட்னி இன்னும் வரல.”

திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் ஆண்கள் யாருமே இல்லை.

“தேங்காய்ச் சட்னி முடிஞ்சா தக்காளியை விடுலே. ஆளுக வெறும் இட்லியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க!”

கேமரா ஆடிவிட்டது. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னம்மா, திருப்பி வைக்கணுமா?” என்று என்னைக் கேட்டார். பூவைத் திருப்பி வைக்கலாம். அந்தக் கண்ணீரை எங்கே போய்த் தேடுவது?

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பகுதியில் கல்யாண வீடியோ கேசட் காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இதயத்துக்குள் மாப்பிள்ளை, ரோஜாப்பூவுக்குள் பொண்ணு, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அன்னப்பறவை மேல். அதைப் படித்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் ஒரே தொழில் பார்க்கிறீர்களே, வேலை நடக்கிற இடத்தில் சண்டை வந்ததில்லையா?”

வந்ததாவது! சட்னி கேட்ட அந்தக் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் பேச்சுவார்த்தையில் இல்லை.

என் வீட்டுக்காரர் பெயர் முருகேசன். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மாடிதான் ஸ்டுடியோ. அவர் கேமராவைக் கையில் எடுத்தால் கூட்டத்துக்குள் தண்ணீர் மாதிரி நுழைந்து வந்துவிடுவார். நான் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எடிட்டிங் கற்றுக்கொண்டு, பிறகு நானும் கேமராவைத் தூக்கிவிட்டேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. பெண் வீட்டாரிடம் நான் பேசுவேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர் பேசுவார். பெண்கள் என்னிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள், ஆண்கள் அவரிடம் டீ குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். இதில் ஒரே ஒரு குறைதான். அவரவர் பேசியதை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்வதில்லை.

கொற்கையில் கடல் எங்கே?

இதனால் பட்டது கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு முன்பு நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

சென்னையிலிருந்து ஒரு ஜோடி. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்குப் புதுசாக ஏதாவது வேண்டுமாம். கொற்கை பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று எங்கேயோ படித்திருக்கிறார்கள். பாண்டிய இளவரசி கொற்கைக் கரையில் நின்று, கடலைப் பார்த்தபடி, கப்பலில் வரப்போகும் இளவரசனுக்குக் காத்திருக்க வேண்டும். முருகேசன் போனில் கேட்டுவிட்டு, “பண்ணிருவோம் சார்” என்றார். என்னிடம் “கொற்கையில ஷூட்டிங்” என்று மட்டும் சொன்னார். அவர் போய்ப் பார்த்திருப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் கழுத்திலிருந்து இடுப்பு வரை முத்துமாலையோடு காரை விட்டு இறங்கினாள். மாப்பிள்ளை கையில் வெள்ளிப் பேப்பர் ஒட்டிய வாள். சுற்றிப் பார்த்தால் வயல். அதைத் தாண்டினால் வாழை. அதையும் தாண்டினால் இன்னும் வாழை.

வரப்பில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் முருகேசன் போய், “அண்ணாச்சி, கடல் எங்கன இருக்கு?” என்றார்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முத்துமாலையைப் பார்த்தார். வாளைப் பார்த்தார்.

“கடலா? அது இங்கன விட்டுப் போயி ரொம்ப காலமாச்சே. உங்களுக்கு யாரும் சொல்லலியா?”

இளவரசி அன்று வாழைத்தோப்பில் நின்றபடி கப்பலைத் தேடினாள். அலைச் சத்தத்தை நான் எடிட்டிங்கில் சேர்த்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது முருகேசன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “நமக்குள்ள கம்யூனிகேஷன் சரியில்ல” என்றார். ஆஹா, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் கடைக்குப் போய் வாக்கி டாக்கி செட் ஒன்று வாங்கிவந்தார்.

வேனுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

பெண்ணின் பெயர் முத்துச்செல்வி. பேங்கில் வேலை. அவளுடைய அப்பா பால்பாண்டி அண்ணாச்சிக்கு ஊருக்குள் மளிகைக் கடை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு அவள் தனியாக எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“அக்கா, நீங்க என்ன வேணாலும் எடுங்க. புகை மட்டும் விட்றாதிய. அப்பாவுக்கு வீசிங் இருக்கு. சாம்பிராணி போட்டாலே மூச்சு இழுக்கும். ஆனா மாப்ள வீட்டுக்காரங்களுக்குத் தெரியக் கூடாதுங்காரு. சீக்காளி சம்பந்தின்னு நெனச்சிருவாங்களாம்.”

“அதை நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே முருகேசனிடம் சொன்னேன். அப்போது மிக்ஸியில் தேங்காய் அரைபட்டுக்கொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார். மிக்ஸி ஓடும்போது அவர் எதற்கும் தலையாட்டுவார் என்பது வேறு விஷயம்.

கல்யாணத்தன்று காலையில் வேனில் ஏறினால், என் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி இடித்தது.

“இது என்னது?”

“புகை மிஷின்.”

“எதுக்கு?”

“மாப்ள என்ட்ரிக்கு. அவரு தாய்மாமா கேட்டாரு. சரின்னுட்டேன்.”

“பொண்ணு வீட்ல புகை வேண்டாம்னாங்க. உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்லா?”

“எப்ப சொன்ன?”

“தேங்கா அரைக்கும்போது.”

“மிக்ஸி ஓடும்போது சொன்னா அது சொன்ன கணக்கா?”

டிரைவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதையும் மிஞ்சி நாங்கள் சண்டை போட்டோம். மண்டபம் வந்தபோது, “இனிமே உங்ககிட்ட பேசுனா ஏன்னு கேளுங்க” என்றேன். அவர் “ரொம்ப நல்லது” என்று கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

எங்களோடு வந்திருந்த மூன்றாவது கேமராமேன் அந்தோணி, கீழவைப்பார்க்காரர். மேடைக்கு எதிரே ஸ்டாண்டு கேமரா அவர் பொறுப்பு. “அந்தோணி, உங்க அண்ணன்கிட்ட போயி…” என்று ஆரம்பித்தேன்.

“யக்கா, எனக்கு நாளைக்கும் உங்க ரெண்டு பேரு கூடயும் வேலை இருக்கு. என்னை விட்ருங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டாண்டின் காலை விரிக்கப் போய்விட்டார்.

ஒன்றை விட்டு இரண்டுக்கு

ஆகவே வாக்கி டாக்கிதான் கதி. நான் கேமரா ஒண்ணு, அவர் கேமரா ரெண்டு. ராணுவ முகாம் மாதிரி அளந்து அளந்து பேசிக்கொண்டோம். ஆனால் அதே கடையில், அதே மாதிரி வாக்கி டாக்கியைச் சமையல் காண்டிராக்டரும் வாங்கி, அதே ஒன்றாம் சேனலில் வைத்திருக்கிறார் என்பது சட்னி வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

முத்துச்செல்வி அம்மா அப்பா காலில் விழுகிற நேரம். நான் ஒரு பக்கம், கேமரா ரெண்டு எதிர்ப் பக்கம். “ஸ்டார்ட்” என்றேன். கீழே சாப்பாட்டு ஹாலில் அடுத்த பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். முதல் பந்திக்காரர்கள் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கீழேயிருந்து எங்கள் காதில் அலறல் வந்தது: “யாருலே ஸ்டார்ட் சொன்னது? நிப்பாட்டு, நிப்பாட்டு!”

முருகேசன் கேமராவை நிறுத்திவிட்டார்.

பெண் விழுந்து எழுந்துவிட்டாள். அவர் கேமராவில் ஒன்றும் பதிவாகவில்லை. என் கேமராவில் அவளுடைய ஜடையும் ஒரு சித்தியின் முதுகும்தான் இருந்தன.

“இன்னொரு தடவை விழணும்மா” என்றேன்.

“நல்லதை ரெண்டு தடவை செய்யக் கூடாதும்மா” என்றார் அந்தச் சித்தி.

பால்பாண்டி அண்ணாச்சிதான் சிரித்தார். “விழட்டுமே. ரெண்டு ஆசீர்வாதமாக் கிடைக்கட்டும்.” குனிந்து மகளைத் தூக்கினார். நிமிர்ந்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவது வியூஃபைண்டரில் எனக்குத் தெரிந்தது.

நான் பட்டனை அமுக்கி, “கேமரா ரெண்டு, சேனலை ரெண்டுக்கு மாத்துங்க. ஓவர்” என்றேன்.

மாற்றினோம். ஒரு நிமிஷம் அமைதி. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“ஏலே, எல்லாரும் ரெண்டுக்கு வந்தாச்சா? ஒண்ணுல எவனோ போட்டா புடிக்கவன் உயிரெடுக்கான்.”

அதே குரல்.

“அண்ணாச்சி, நாங்களும் இங்கனதான் இருக்கோம்” என்றேன்.

“அட, நீங்களும் ரெண்டுக்கே வந்துட்டியளா?” என்றார் அவர். பெயர் சங்கரலிங்கமாம். பந்தி விசாரணை முழுக்க அவர் பொறுப்பு. “சரி, கிடக்கட்டும். இனி மாத்துனாலும் எல்லாரும் மூணுக்குத்தான் போவோம்.”

ஓவர் போடாமல் பேசுங்கள்

மாப்பிள்ளையைப் பக்கத்துக் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வர எல்லாரும் கிளம்பினார்கள். முருகேசன் மாப்பிள்ளைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து படம் பிடித்து வரவேண்டும். நான் மண்டப வாசலில். கதவுக்கு அருகே புகை மிஷின் சூடாகிக்கொண்டிருந்தது. அதன் ரிமோட் மாப்பிள்ளையின் தாய்மாமா செல்லத்துரை கையில். பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ். ஆள் லாரி வைத்து ஓட்டுகிறவர்.

“மாமா, புகை வேண்டாமே” என்றேன்.

“என்னம்மா இப்படிச் சொல்லுத? உங்க வீட்டுக்காரருதான சரின்னாரு? அவரு வாயால வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுருதேன்.”

காரணத்தைச் சொல்ல முடியாது. முத்துச்செல்விக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பால்பாண்டி அண்ணாச்சியோ ரோஜா மாலையோடு வாசலுக்கு வந்து, அந்த மிஷினுக்கு நேர் எதிரே நின்றுகொண்டார். மாப்பிள்ளையை வரவேற்க வேண்டியவர் அவர்தான்.

நான் தள்ளிப் போய்ப் பட்டனை அமுக்கினேன். “கேமரா ரெண்டு, மாமாகிட்ட புகை வேண்டாம்னு சொல்லுங்க. ஓவர்.”

“கேமரா ஒண்ணு, குடுத்த வாக்கை மாத்த முடியாது. ஓவர்.” பின்னணியில் தவில் அதிர்ந்தது.

“கேமரா ரெண்டு, வாக்குக் குடுக்க முன்னாடி என்னைக் கேட்டியளா? ஓவர்.”

“கேமரா ஒண்ணு, நீ மட்டும் என்னைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யுதியோ? ஓவர்.”

“ஒரு நிமிசம், ஒரு நிமிசம்.” சங்கரலிங்கம். “நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டியா?”

“ஆமா. ஓவர்” என்றேன்.

“அப்பம் ஓவர் போடாமப் பேசுங்க. யம்மா, புகை ஏன் வேண்டாம்? அதைச் சொல்லு.”

சொன்னேன். அண்ணாச்சிக்கு மூச்சுத் தொந்தரவு, வெளியே தெரியக் கூடாது என்கிறார், மகள் தனியாக வந்து கேட்டுக்கொண்டாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

“அதான பாத்தேன்” என்றார் சங்கரலிங்கம். “காலையில அடுப்பு கிட்ட வந்து, யாருக்கும் தெரியாம வெந்நி வாங்கிக் குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாரு. சமையலைப் பாக்க வந்தாருன்னு நெனச்சேன்.”

பிறகு முருகேசனின் குரல், வேறு மாதிரி.

“அப்பாவுக்கா? ஏளா, நீ புகை வேண்டாம்னு மட்டும்தான சொன்ன?”

“நீங்களும் மாமா கேட்டாருன்னு மட்டும்தான சொன்னிய?”

“அந்த மாப்ளைக்குச் சின்னதுலயே அப்பா இல்ல. மாமாதான் வளத்திருக்காரு. லாரியில கிளீனராப் போயி, ராத்திரி பகலா ஓட்டிப் படிக்க வெச்சிருக்காரு. ‘அவன் ஒரு நாளாவது ராசா மாதிரி வாரதப் பாக்கணும் தம்பி’ன்னு கையப் புடிச்சிட்டாரு. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?”

என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதையெல்லாம் நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தியிருக்கிறோம். எதற்காக என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவே இல்லை.

“சரி” என்றார் சங்கரலிங்கம். “புகை வரணும், மூச்சு முட்டக் கூடாது. அவ்ளோதான? அந்த மிஷினை எங்கன சொருகியிருக்கு?”

“சாப்பாட்டு ஹாலுக்குப் போற வழியில, செவத்துல” என்றார் முருகேசன்.

“அது எங்க காபி பாய்லர் ப்ளக்குல்லா! காலையிலருந்து தேடிக்கிட்டிருக்கேன். இந்தா, உருவிருதேன்.”

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது.

வழி விடுங்க, சூடு!

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியும் மாலையுமாக, சொல்லிக்கொடுத்தபடியே மெல்ல மெல்லக் காலெடுத்து வைத்தான். செல்லத்துரை மாமா ரிமோட்டை உயர்த்தி அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அமுக்கினார். ரிமோட்டைத் தொடையில் தட்டி அமுக்கினார். மிஷினைத் தட்டினார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாகவே அவர்களிடம் சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது. கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது.

“வழி விடுங்க! சூடு, சூடு!”

சாப்பாட்டு ஹால் பக்கமிருந்து இரண்டு பேர் இட்லிக் கொப்பரையைத் துணி சுற்றிய கையால் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கூடவே ஒல்லியாக, பனியனும் கழுத்தில் துண்டுமாக ஒருவர். காதில் இயர்போன். வாசல் கதவுக்கு நேரே வந்ததும் கொப்பரையைக் கீழே வைக்கச் சொல்லி, மூடியை ஒரே தூக்காகத் தூக்கினார்.

உள்ளே ஏசி குளிர். அந்தக் குளிரில் ஆவி குபுகுபுவென்று எழுந்து, வாசல் முழுவதும் வெள்ளை வெளேரென்று நிறைந்தது. யாரோ ஒரு கிழவி குலவை விட்டார். நாதஸ்வரக்காரர் ஏதோ புரிந்துகொண்டு வேகத்தைக் கூட்டினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல!” காதில் முருகேசன். “லென்ஸ் பூரா ஆவி. நீ எடு, விட்றாதளா!”

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். என் லென்ஸ் சுத்தமாக இருந்தது. எடுத்தேன்.

வெள்ளை ஆவிக்குள்ளிருந்து மாப்பிள்ளை வந்தான். ராஜா மாதிரிதான் வந்தான். செல்லத்துரை மாமா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார், கண் நிறைந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் கறுப்புக் கண்ணாடியிலும் ஆவி படிந்துவிட்டது. பாவம், வழி தெரியாமல் நேரே வாசல் வாழைமரத்தைப் பார்த்து நடந்தான். பால்பாண்டி அண்ணாச்சி ஆவியை மூக்கால் இழுத்துப் பார்த்தார். இட்லி என்று தெரிந்துவிட்டது. உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் இல்லை, வெறும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ஓரெட்டு முன்னால் போய் மருமகனின் கையைப் பிடித்து, “இங்கன வாங்க மாப்ள” என்று வாழைமரத்திலிருந்து திருப்பி உள்ளே கூட்டிவந்தார். மாலையைப் போட மறந்து, பாதி வழியில் நின்று போட்டார்.

பிறகு வீடியோவைப் பார்க்க வந்தபோது முத்துச்செல்வி, தாலி கட்டிய இடத்தைக்கூட ஒரு தடவைதான் பார்த்தாள். இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

கடைசிப் பந்தி

கல்யாண வீட்டில் எங்களுக்கு எப்போதும் கடைசிப் பந்திதான். நானும் முருகேசனும் ஆளுக்கொரு கோடியில் உட்காரப் போனோம். சங்கரலிங்கம் வந்து, “ரெண்டு இலையும் பக்கத்துல பக்கத்துலதான் போட்டிருக்கு” என்றார். உட்கார்ந்தோம். அந்தோணி மட்டும் ஜாக்கிரதையாக மூன்று இலை தள்ளி உட்கார்ந்தார்.

சாம்பார் வந்தது, அவியல் வந்தது. முருகேசன் தன் இலையைப் பார்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான். வாக்கி டாக்கி இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அப்போது செல்லத்துரை மாமா வெற்றிலை போட்ட வாயோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தார்.

“தம்பி, பிச்சிட்டிய! நான்கூட மிஷின் வேலை செய்யலியோன்னு பயந்துட்டேன். கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும் போல. என்னா புகை! ஒரு இட்லி வாசம் அடிச்சுது, அதுதான் எனக்கு என்னன்னு விளங்கல. இருக்கட்டும். தை மாசம் என் மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். இதே புகை, இதே மாதிரி வரணும். சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பந்தியின் மறுமுனையில் மோர் வாளியோடு வந்துகொண்டிருந்த சங்கரலிங்கம் அப்படியே நின்றுவிட்டார்.

முருகேசன் வாயைத் திறந்தார். ‘பண்ணிருவோம்’ வரப்போகிறது என்று நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்லட்டும்?” என்றார்.

காலையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. இத்தனை வருஷத் தொழிலிலும், ஒரு கிராக்கியைக் காக்க வைத்துவிட்டு என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“ஏன் புகை வேணும்னு மொதல்ல கேளுங்க” என்றேன்.

கேட்டார். செல்லத்துரை மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டோம். இலையில் ரசம் ஆறிப்போயிற்று.